பெயர் அட்டவணையையாவது திறந்து விடுங்கள்

பிறப்பு இறப்புப் பதிவகங்களையும் ஆவணக் காப்பகங்களையும் நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம்.

பிரிந்துபோன உறவினர்களைத் தேடுகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும், பழைய பட்டியல்களில் பெயர் தேடிச் சொல்வதும் நான் செய்துவரும் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பலருக்குக் கையில் காசு குறைவு. அவர்கள் சார்பில் நான் கேட்பது ஒன்றுதான்: பெயர் அட்டவணையில், அதாவது யாருடைய பெயர் எந்தப் பதிவில் இருக்கிறது என்று காட்டும் பட்டியலில், தேடிப் பார்ப்பதற்குக் கட்டணம் வாங்காதீர்கள். பதிவு கிடைத்த பிறகு நகலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் யாருக்கும் மறுப்பில்லை.

தேடி வருகிறவருக்கு எதுவுமே உறுதியாகத் தெரியாது. பெரியப்பா பிறந்தது "ஐம்பது, ஐம்பத்திரண்டு வாக்கில்" என்பார். அன்றைய எழுத்தர் பெயரைத் தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அத்தையின் பெயர் கல்யாணத்துக்குப் பிறகு மாறியிருக்கும். உங்களில் பலரோ ஒரு பெயர், ஒரு ஆண்டு என்று தனித்தனியாகக் கட்டணம் வைத்திருக்கிறீர்கள். ஐந்து ஆண்டுகள், மூன்று விதமான எழுத்து என்றாலே பதினைந்து தேடல்கள் ஆகிவிடும். பதினைந்துக்கும் "பதிவு இல்லை" என்றே பதில் வரலாம். அந்த "இல்லை"க்கும் காசு. வசதியுள்ளவர் இன்னும் பத்து ஊகத்துக்குக் கட்டிப் பார்ப்பார். இல்லாதவர் அதோடு நிறுத்திக்கொள்வார். அவர் தேடிய பதிவு உங்கள் அலமாரியிலேயே இருக்கும்.

மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமே என்பவர்கள் உண்டு. செலவு ஒருபுறம் இருக்கட்டும், தேடப்படும் உறவினரோ அவருடைய நெருங்கிய சொந்தமோ அதே தரவுத்தளத்தில் இருந்தால்தானே பொருந்தும்?

நான் கேட்பது நடக்காத காரியமும் அல்ல. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுகளின் அட்டவணையைத் தன்னார்வலர்கள் 1998 முதல் தட்டச்சு செய்து இலவசமாகத் தேடும்படி வைத்தார்கள். அலுவலகம் செய்ய வேண்டியதை ஊர் கூடிச் செய்தது! பின்னாளில் பதிவகமே தன் பிறப்பு, இறப்பு அட்டவணையைக் கட்டணமின்றித் தேட விட்டது. சான்றிதழுக்கு மட்டும் பணம். ஜெர்மனியில் அரோல்சன் காப்பகத்தில் நாஜிகளின் கொடுமைக்கு ஆளானவர்கள் உட்படச் சுமார் 1.75 கோடிப் பேரைப் பற்றிய ஆவணங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், குடும்பத்தார் எழுதிக் கேட்டாலும் கட்டணம் கிடையாது.

எழுத்துப் பிழைகளுக்கும் வழி உண்டு. ஒலிப்பை வைத்துப் பெயர்களை வகைப்படுத்தும் முறைக்கு அமெரிக்காவில் 1918-லேயே காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஓர் எழுத்து மாறினால் "முடிவுகள் இல்லை" என்று காட்டும் தேடுபெட்டியை என்னவென்று சொல்வது?

உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கம் என்னாவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய பதிவுகளைத் திறந்துவிட்டு, அண்மைக்காலப் பதிவுகளுக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியைப் பாருங்கள். முதல் உலகப் போரின்போது ஜெனீவாவில் போர்க் கைதிகளைப் பற்றிய சுமார் 70 லட்சம் அட்டைகளைக் கையாலேயே அடுக்கித் தேடியவர்கள் அவர்கள். இன்றும் அவர்களுடைய சேவை இலவசம். ஆள் கிடைத்தால், அவர் சம்மதிக்காமல் முகவரியைத் தரமாட்டார்கள். ஆனால் போர், பேரிடர், புலம்பெயர்வு போன்றவற்றில் பிரிந்தவர்களுக்காகவே அந்தச் சேவை இருக்கிறது. தத்துக் கொடுக்கப்பட்டவரும், சொத்துச் சண்டையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியும் உங்களிடம்தான் வந்தாக வேண்டும். அவர்கள் தரும் கடிதத்தை உரியவருக்கு அனுப்பிவைத்து, பதில் எழுதுவதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடலாமே.

இன்னொன்று. பதிவேடுகளைப் படமெடுக்கும் வேலையைத் தனியார் நிறுவனங்களிடம் கொடுக்கும்போது, பெயர் அட்டவணை எப்போதும் இலவசம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சந்தா கட்டினால்தான் தாத்தாவின் பெயரைப் பார்க்கலாம் என்ற நிலை பொது ஆவணத்துக்கு வரக் கூடாது.

இதெல்லாம் உடனே முடியாது என்றால் சரி, இரண்டையாவது இந்த ஆண்டே செய்யுங்கள்: பத்து ஆண்டுக் காலத்துக்கும் சேர்த்து ஒரே தேடல் கட்டணம், "பதிவு இல்லை" என்று பதில் போனால் அந்தப் பணமும் திரும்ப வேண்டும்.

இப்படிக்கு,
தேடுகிறவர்களுக்கு விண்ணப்பம் எழுதும் ஒருவன்