கப்பி மீன் விடுமுன்

ஆசிரியர் அவர்கட்கு,

மழை தொடங்கியதும் நுளம்புக் குடம்பிகளைத் தின்னட்டும் என்று சீமெந்துத் தொட்டிகளில் கப்பி மீன் விடுகிறோம். மறுநாள் பல செத்து மிதந்தால் மீன் விற்றவரைத் திட்டவேண்டாம். பெரும்பாலும் குழாய்நீரின் குளோரின்தான் காரணம். புதுத் தண்ணீர் நிரப்பினால் ஒருநாள் திறந்து கிடக்கட்டும். பிறகு மீன் பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி, கடைசியில் மீனை விடலாம்.

வண்ண வாலுக்கு மயங்கி ஆண்களையே அள்ளி வருவது வழக்கம். சாம்பல் நிறப் பெண்தான் உருவில் பெரியது, குடம்பியையும் கூடுதலாகத் தின்னும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் போதும். வயிற்றின் பின்பக்கம் கரும்புள்ளி பெருத்தால் குஞ்சு வரப்போகிறது. ஒரு பிடி பாசி போடாவிட்டால் தாயே குஞ்சுகளை விழுங்கிவிடும். தீனியைக் குறையுங்கள், வயிறு நிரம்பிய மீன் குடம்பியைத் தேடாது.

டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டை ஒட்டும். அதை மீன் எட்டாது. வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவத்தான் வேண்டும். தயிர்ச் சட்டிக்கு மீனே தேவையில்லை, கவிழ்த்தால் போதும்.

மிஞ்சிய மீனை ஓடையிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள். கப்பி தென் அமெரிக்க மீன். நம் ஓடைகளின் சிறுமீன்களோடு இரைக்குப் போட்டியிடும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06