சாவி வைத்திருப்பவன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லோரும் நலமா? போன வாரம் போனில் "கிடங்கில் உனக்கு என்னதான் வேலை?" என்று கேட்டீர்கள். "லாரி சாவிகளை வாங்கி வைத்திருப்பது" என்றேன். "இதற்கா அவ்வளவு தூரம் போனாய்?" என்று நீங்கள் சிரிக்கும்போதே லைன் அறுந்துவிட்டது. அதற்குள் தம்பி வேறு, சரக்கைத் தூக்கிக்கொண்டு போகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி இடித்து அலமாரிகள் வரிசையாகச் சரிகிற ஏதோ ஒரு வீடியோவை அம்மாவிடம் காட்டிவிட்டானாம். அம்மா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லையாம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். ஒரு பத்தியை மட்டும் விட்டுவிடுங்கள். எது என்று வரும்போது உங்களுக்கே தெரியும்.

எங்கள் கட்டடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கதவுகள்தான், 14 இருக்கின்றன. உள்ளே நாங்கள் நிற்கும் தரை, வெளியே லாரி நிற்கும் தரையைவிடச் சுமார் 4 அடி உயரம். லாரி பின்பக்கமாக வந்து சுவரிலுள்ள ரப்பர் முட்டுகளில் ஒட்டி நின்றால், அதன் தளமும் எங்கள் தரையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வரும். நடுவில் இருக்கும் இடைவெளிக்கு லெவலர் என்று ஓர் இரும்புத் தகடு. பொத்தானை அழுத்தினால் மேலே எழுந்து, நாக்கை நீட்டுவதுபோல் தன் விளிம்பை லாரிக்குள் வைத்துக்கொள்ளும். ஃபோர்க்லிஃப்ட் அதன் மேல்தான் போய் வருகிறது.

அந்த வண்டியின் எடையை நினைத்துப் பாருங்கள். இரண்டரை டன் தூக்குகிற வண்டி, தானே 4 டன் அளவுக்கு இருக்கும். பின்னால் அவ்வளவு கனம் இல்லையென்றால் முன்னால் தூக்கியதும் குப்புறக் கவிழ்ந்துவிடும். அது லாரிக்குள் போய் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் லாரி ஒரு மயிரிழை முன்னால் நகரும். கண்ணுக்குத் தெரியாது. பேலட் என்றால் சரக்கு அடுக்கிய தட்டு. முப்பது பேலட் இறக்கினால் முப்பது தடவை. நாக்கு உள்ளே பதிந்திருந்த நீளம் குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் லாரி விளிம்பை விட்டு வழுக்கிவிடும். டயருக்குக் கட்டை கொடுப்பது இதற்காகத்தான். இங்கே புதிதாக வருகிறவர்கள், லாரி கைபிரேக்கில்தானே நிற்கிறது, கட்டை எதற்கு என்று கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பத்தியைத்தான் அம்மாவுக்கு விட்டுவிடச் சொன்னேன். நான் சேர்ந்த இரண்டாவது மாதம். அப்போது எங்களிடம் கட்டையும் விளக்கும் மட்டும்தான். வெளியே சிவப்பு எரிந்தால் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. அப்போது உள்ளே எங்களுக்குப் பச்சை எரியும், இறக்கலாம். வேலை முடிந்து மாற்றினால் வெளியே பச்சை, உள்ளே சிவப்பு. ஆறாம் நம்பர் கதவில் நின்ற டிரைவர், பக்கத்து ஏழாம் நம்பரின் பச்சையைத் தன்னுடையது என்று நினைத்துவிட்டார். பொழுது சாய்ந்த நேரம், மழை வேறு. இறங்கிவந்து கட்டையை உருவினார், வண்டியை எடுத்தார். எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஒரு பேலட்டோடு பின்னால் வந்துகொண்டிருந்தது. முன்சக்கரங்கள் எங்கள் தரையைத் தொட்டு இரண்டு நொடிகூட ஆகியிருக்காது. நாக்கு 'டமார்' என்று கீழே விழுந்தது. பேலட்டின் முன்வரிசைப் பெட்டிகள் சரிந்து குழிக்குள் போயின. ஓட்டியவர் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் சாவிப் பலகை. லாரி வந்து நின்றதும் டிரைவர் சாவியை என்னிடம் தர வேண்டும். கதவு நம்பர் போட்ட கொக்கியில் மாட்டுவேன். கடைசி பேலட் வெளியே வந்து, நானே உள்ளே எட்டிப் பார்த்து, லெவலரை இறக்கி, கதவை மூடிய பிறகுதான் சாவி திரும்பப் போகும். அவசரம் என்று கத்துவார்கள், கெஞ்சுவார்கள். ஒருவர் மேனேஜரிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். பேசட்டும்! விளக்கை ஒருவன் தவறாகப் பார்க்கலாம், சாவி இல்லாமல் வண்டியை எப்படி எடுப்பான்? இப்போது என் வேலை புரிகிறதா அப்பா?

சில சமயம் முன்பக்க இழுவை வண்டி கழன்று போய்விடும், டிரெய்லர் மட்டும் தன் இரண்டு முன்கால்களில் நிற்கும். அதன் மூக்குப் பக்கம் கனத்தோடு ஃபோர்க்லிஃப்ட் போனால் முன்னால் குப்புறச் சாயலாம். அதற்குத் தனியாக ஒரு தாங்கி கொடுக்க வேண்டும். அதையும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். இன்னொன்று, லாரி பின்னால் வரும்போது யாரும் சுவருக்கும் அதற்கும் நடுவில் போகக் கூடாது. ஏதாவது கீழே விழுந்திருந்தாலும், வண்டி நின்று சாவி கைக்கு வந்த பிறகுதான் எடுப்போம். அந்த நேரத்தில் அந்த டிரைவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது.

அம்மா பார்த்த வீடியோவைப் பற்றி. அலமாரியின் கால் ஒன்றில் வண்டி மோதினால் அப்படி நடக்கலாம், மறுக்கவில்லை. அதனால்தான் இங்கே காலில் ஒரு நெளிவு தெரிந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும். அந்தப் பகுதியைக் காலிசெய்துவிட்டுத்தான் மறுவேலை. சொன்னவனை யாரும் திட்டுவதில்லை, மறைத்தவனுக்குத்தான் திட்டு. நான் அந்த வரிசைகளுக்குள் அதிகம் போவதுமில்லை. போனாலும் மூலையில் நின்று, ஓட்டுபவர் கண்ணைப் பார்த்து, அவர் தலையாட்டிய பிறகே கடப்பேன். ஃபோர்க்லிஃப்டுக்குத் திரும்புவது பின்சக்கரம், அதனால் முன்னால் இடது பக்கம் போகிற வண்டியின் வால் வலது பக்கம் வீசும். பக்கத்தில் நிற்பவனை இடிப்பது பெரும்பாலும் அந்த வால்தான்.

தம்பி இங்கே வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போவதாகச் சொல்கிறானாமே. வரட்டும். ஆனால் முறையாகப் பயிற்சி எடுக்காமல் சாவியைத் தொடக் கூடாது. இப்போதே ஒன்று சொல்லிவையுங்கள்: வண்டி கவிழ்ந்தால் குதிக்கக் கூடாது. குதிக்கிறவன் மேல்தான் வண்டியின் கூரை விழும். பெல்ட்டோடு உட்கார்ந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும். அவன் நம்ப மாட்டான். என்னாலும் முதல் நாள் நம்ப முடியவில்லை.

செருப்போடு வேலைக்குப் போகிறேனா என்று அம்மா கேட்டாளாம். முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த ஷூ கொடுத்திருக்கிறார்கள். 20 கிலோ இரும்பு ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரலைக் காக்கும் என்கிறார்கள். கனம்தான், முதல் வாரம் குதிகால் கொப்பளித்தது. இப்போது பழகிவிட்டது.

நாளை முதல் ஒரு வாரம் இரவு ஷிஃப்ட். ஞாயிறு மத்தியானம் கூப்பிடுகிறேன். லைன் அறுந்தால் நீங்கள் திருப்பிக் கூப்பிட வேண்டாம், நானே முயற்சி செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகன்