செயலாளரின் ஆண்டறிக்கை: சட்ட நூலகப் பணியை வெளியாரிடம் விடுவது குறித்து

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

நம் சட்ட நூலகர் சங்கத்தின் வரவு செலவையும் சந்தா நிலுவையையும் பொருளாளர் தமது அறிக்கையில் தனியே வைக்கிறார். இவ்வாண்டு செயற்குழு கூடியபோதெல்லாம் மற்றப் பொருள்களைப் பின்னுக்குத் தள்ளி நின்றது ஒரே கேள்வி: வழக்கறிஞர் அலுவலகங்கள் தங்கள் சட்ட நூலகத்தின் ஊழியர் பணியையும் சேவைகளையும் வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் விடலாமா? ஆகவே இவ்வறிக்கையை அந்த விவாதத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி பழையது. 1995-இல் பேக்கர் அண்ட் மெக்கன்சி என்னும் சட்ட நிறுவனம் தனது சிகாகோ அலுவலக நூலக ஊழியர்களைப் பணியிலிருந்து நீக்கி, அப்பணியை வெளியாரிடம் ஒப்படைக்க முடிவெடுத்தது, நம் தொழிலில் இருப்பவர்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பின்னர் லண்டனிலும் சில சட்ட நிறுவனங்கள் தங்கள் நூலக, ஆய்வுப் பணிகளைப் பலருக்கும் பொதுவாக இயங்கும் சேவை நிறுவனத்திடம் விட்டன. 1973-இல் தீர்ப்புகளைக் கணினியில் தேடித் தரும் லெக்சிஸ் சேவை வந்ததிலிருந்து, தீர்ப்பைத் தேட அலமாரிக்குப் போக வேண்டிய தேவை படிப்படியாகக் குறைந்துவிட்ட நிலையில், நூலகத்துக்கென்று தனி ஆள் எதற்கு என்று செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் கேட்பதில் வியப்பில்லை.

ஒப்பந்தமுறையை ஆதரித்த உறுப்பினர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். முழுநேர நூலகரை அமர்த்த முடியாத சிறிய அலுவலகத்துக்குப் பொதுச் சேவை நிறுவனம் உண்மையிலேயே உதவுகிறது என்றார்கள். அந்நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களும் முறையாகப் பயின்ற நூலகர்கள்தாம், அவர்களில் சிலர் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள் என்றும் நினைவூட்டினார்கள். இதழ்ச் சந்தா புதுப்பித்தல், பட்டியலிடுதல், நூற்கட்டு போன்ற இயந்திரத்தனமான வேலைகளை வெளியே கொடுப்பதில் எனக்கும் மறுப்பில்லை.

எனினும் எந்த வேலை இயந்திரத்தனமானது என்பதை வெளியிலிருந்து கணிப்பது கடினம். சட்டம் திருத்தப்படும்போது பழைய தாள்களை நீக்கிப் புதியவற்றைச் செருகும் சட்டத் தொகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியர் திருத்தத் தாள்களை ஒழுங்காகச் செருகியிருக்கிறார். நீக்க வேண்டிய பழைய தாள்களில் ஒன்று மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. ஒரே உட்பிரிவு இரண்டு வாசகங்களோடு அடுத்தடுத்த பக்கங்களில் கிடந்ததையும், மனுவில் பழைய வாசகம் ஏறி, தாக்கல் செய்வதற்குச் சற்று முன்பே அது கண்ணில் பட்டதையும் நம் உறுப்பினர் ஒருவர் விவரித்தபோது கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அங்கே நெடுநாள் இருந்த நூலகர் நீக்கும் தாள்களை எண்ணிப் பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திடுவாராம். அந்தப் பழக்கம் ஒப்பந்தத்தின் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பாக நான் கருதுவது, நூலகர் திருப்பிக் கேட்கும் கேள்வி. காலவரம்பு பற்றி ஒரு தீர்ப்பு வேண்டும் என்று வரும் இளம் வழக்கறிஞரிடம், அறிவிப்பு எந்தத் தேதியில் கிடைத்தது என்று நூலகர் கேட்பார்; பதிலைக் கேட்டதும், அவருக்கு வேண்டியது காலவரம்புத் தீர்ப்பே இல்லை, அறிவிப்பு உரியவரிடம் முறையாகச் சேர்ப்பிக்கப்பட்டதா (சார்வு) என்பதைப் பற்றிய தீர்ப்பு என்று தெரியவரும். படிவத்தில் எழுதி அனுப்பினால், எழுதிய கேள்விக்கு மட்டும் சரியான விடை வரும். 2023-இல் நியூயார்க்கில், ஏவியான்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி புனைந்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டியதற்காக வழக்கறிஞர்கள் மீதும் அவர்களது அலுவலகத்தின் மீதும் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. சரிபார்க்கும் பொறுப்பு வழக்கறிஞருடையது, ஐயமில்லை. ஆனாலும் அந்த மேற்கோள்களைத் தீர்ப்புத் தொகுதியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் பக்கத்து அறையில் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு எழாமல் இல்லை.

இரகசியக் காப்பு குறித்தும் விரிவாகப் பேசினோம். ஒரே சேவை நிறுவனம் வழக்கின் இரு தரப்புக்கும் ஆய்வு செய்து கொடுக்க நேரலாம். எந்த முன்தீர்ப்பைத் தேடுகிறார்கள் என்பதே வாதம் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பந்தம் முடிந்தபின் நூற்பட்டியலும், பல ஆண்டுகளாகச் சேர்த்த ஆய்வுக் குறிப்புகளும் யாருக்குச் சொந்தம் என்பதையும் பல ஒப்பந்தங்கள் தெளிவாக்குவதில்லை.

இவற்றையெல்லாம் கருதிச் செயற்குழு ஒரு வரைவுத் தீர்மானத்தை அணியப்படுத்தியுள்ளது. வெளிச் சேவையை நாடும் அலுவலகம், ஒப்பந்தத்தை மேற்பார்வையிடத் தகுதியுள்ள நூலகர் ஒருவரையாவது தன் ஊழியராக வைத்திருக்க வேண்டும் என்றும், பட்டியலும் குறிப்புகளும் அலுவலகத்துக்கே உரியவை என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் அது கோருகிறது. வேலை இழக்கும் நூலகர்களை ஒப்பந்த நிறுவனம் அதே ஊதியத்தில் ஏற்க வேண்டும் என்ற பிரிவில் மட்டும் செயற்குழுவில் உடன்பாடு எட்டப்படவில்லை. நான் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தேன். அப்பிரிவை அடைப்புக்குறிக்குள் இட்டு, வரைவை இவ்வறிக்கையுடன் பொதுக்குழுவின் முடிவுக்கு வைக்கிறேன்.

செயலாளர்