சவுக்கங்காட்டில் ஒரு பாடசாலை நாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்கு ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, காலை முதல் பிற்பகல் வரை மரங்களுக்கிடையே கற்கவிடும் முயற்சியில் அண்மைக்காலமாக நானும் பங்குகொண்டு வருகின்றேன். இத்தகைய ஒரு நாள் எமது பாடசாலைகளின் ஆண்டுத் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும் என்ற வேண்டுகோளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகின்றேன்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்பது ஆரம்பப் பிரிவில் ஒரு பாடமாகவே இருக்கின்றது. ஆயினும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்குதலால் அதுவும் வினாத்தாளுக்குள் ஒடுங்கிவிட்டது. தாவரத்தின் பாகங்களைப் பிழையின்றி எழுதும் பிள்ளையின் கையில் ஒரு சவுக்கங்கிளையைக் கொடுத்தால், ஊசிபோன்ற பச்சைப் பகுதியையே இலை என்று சொல்லும். அதனைக் கணுக்கணுவாகக் கழற்றிப் பார்க்கும்போதுதான், அது உண்மையில் தண்டு என்பதும், கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கும் நுண்ணிய செதில்களே இலைகள் என்பதும், நீரிழப்பைக் குறைக்க இவ்வமைப்பு உதவுகின்றது என்பதும் விளங்குகின்றன. இதனைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். பிள்ளை தானே கழற்றி, செதில்களை எண்ணி, பக்கத்தில் இருப்பவருடன் வாதாடி முடிக்க அரை மணி நேரமாவது வேண்டும். அந்த அரை மணி நேரந்தான் வகுப்பறையில் கிடைப்பதில்லை.

காட்டை விட்டு மணல்மேட்டுக்கு வந்தால் கற்பதற்கு இன்னும் உண்டு. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியை எழுதத் தெரிந்த பிள்ளைகள் பலர், மணலைப் பற்றிப் பிடித்துப் படர்ந்திருக்கும் அந்தக் கொடியை அங்கேதான் முதன்முதலாகக் கண்டார்கள். இராவணன் மீசை என்னும் கடற்கரைப் புல்லின் உருண்டைக் கதிர் காற்றில் உருண்டோட, அதைத் துரத்திப் பிடித்த சிறுமி ஒருத்தி, "இது எங்க போய் நிண்டாலும் முளைக்குமோ ரீச்சர்?" என்று கேட்டாள். விதைபரம்பல் என்ற பாடத்தை இதைவிட நன்றாகத் தொடங்க எனக்குத் தெரியாது. வற்றாத ஆறு ஒன்றுமில்லாத எமது குடாநாட்டில், மாரி மழை மணலூடாக இறங்கி நன்னீராகத் தங்குவதையும், மணல் அள்ளப்படும் இடங்களில் அந்த நீருக்கு என்ன நேரும் என்பதையும் மேட்டின்மேல் நின்றே விளக்கலாம்.

பாம்பு, கடல் என்று பெற்றோர் அஞ்சுவது நியாயமே. ஆகையால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது உடன் இருக்க வேண்டும். கடலில் இறங்க விடக்கூடாது. பாதத்தை மூடும் சப்பாத்தும் போதிய குடிநீரும் கட்டாயம். மழை ஓய்ந்து வெயில் ஏறுமுன் வரும் மாசி மாதம் இதற்கு மிகவும் உகந்தது. முக்கியமாக, அன்றைய நாளுக்கென்று பயிற்சித்தாளோ புள்ளியோ வேண்டாம். அவை வந்தால் பிள்ளைகளின் கண்கள் மரத்தை விட்டுத் தாளுக்குத் திரும்பிவிடும்.

டென்மார்க், ஜேர்மனி போன்ற நாடுகளில் முன்பள்ளிகளையே காட்டுக்குள் நடத்துகிறார்கள். நான் கேட்பது ஆண்டுக்கு ஒரு நாள் மட்டுமே. கண்டி, தெகிவளை என்று பேருந்திலேயே பெரும்பொழுது கழியும் சுற்றுலாவுக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்குப் போதும். வலயக் கல்வி அலுவலகங்கள் இதனைப் பாடசாலை நாளாகவே கணித்து அனுமதி வழங்கவும், வனவளத் திணைக்களம் அப்பகுதியை நன்கறிந்த உத்தியோகத்தர் ஒருவரை உடன் அனுப்பவும் முன்வர வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
கரவெட்டி.