இட்டேரியில் குதிரைக்கு வழிவிட்டவர்களுக்கு

காங்கேயத்துக்கும் ஊதியூருக்கும் நடுவில் இருக்கும் தோட்டத்துக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள், தேங்காய்க் களத்துப் பெண்கள், தண்ணி லாரி அண்ணன் எல்லோருக்கும் திருப்பூரிலிருந்து வணக்கமுங்க.

பொங்கல் லீவில் முன்னால் ஒரு சவாரி வண்டி, பின்னால் மூன்று குதிரை, குதிரை மேல் முகம் வெளுத்துப்போன மூன்று பெண்கள் என்று உங்கள் இட்டேரிகளில், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித் தடங்களில், ஒரு ஊர்வலம் வந்ததே, அது நாங்கள்தான். நான், என் தங்கை, அவள் மகள். வண்டியில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை தின்றுகொண்டு வந்தவர் எங்கள் வீட்டுக்காரர். அவர் ஏன் குதிரையில் வரவில்லை என்பதை அப்புறம் சொல்கிறேன். உங்களில் பாதிப்பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது, போன் நம்பரும் கிடையாது. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன். யார் கண்ணிலாவது பட்டால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

எங்களுக்குக் குதிரை கொடுத்த லாயத்து அண்ணனிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்கு முன் நாங்கள் குதிரை ஏறியது ஒரு மலை ஊரில். முதுகில் புண்ணோடு நின்ற குதிரை, பேரம், ஒரு சுற்று, போட்டோ, இறங்கு என்று முடிந்துபோன சவாரி அது. அந்த நினைப்பில் அண்ணனின் தோட்டத்துக்குப் போனால் அவர் எங்களைக் குதிரைப் பக்கமே விடவில்லை. மூட்டை நிறுக்கும் தராசைக் காட்டி, ஒவ்வொருவராக ஏறி நில்லுங்க என்றார். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் முதுகில் ஏறக்கூடாது, சேணமும் அதில் சேர்த்தி என்பது அவர் கணக்கு. அவரிடம் இருப்பவை சின்ன உடம்புக் குதிரைகள், 350 கிலோ வந்தால் அதிகம். அப்படியென்றால் 70 கிலோ, சேணம் போக ஆளுக்கு 60. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேறிவிட்டோம். எங்கள் வீட்டுக்காரர் ஏறியதும் அண்ணன் முள்ளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், “மாப்ளை, உங்களுக்கு வண்டிதானுங்க” என்று முடித்துவிட்டார். காசு கொடுக்க வந்தவரிடம் முகத்துக்கு நேராக இப்படிச் சொல்லும் ஆளிடம் இருக்கும் குதிரைகள் கொடுத்துவைத்தவை. அந்த இடத்திலேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

அண்ணனின் குதிரைகளில் இரண்டு அந்தியூரில் வாங்கியவை. ஆடி மாதத்தில் குருநாதசாமி கோயில் பண்டிகையின்போது கூடும் சந்தைதான். ஒன்று பஞ்சகல்யாணி, நாலு காலும் முகமும் வெள்ளை. இன்னொன்றில் மார்வாரி கலப்பு உண்டு. காது இரண்டும் உள்பக்கம் வளைந்து, நிமிர்த்தினால் நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும். தங்கை மகளுக்கு அதுதான் கிடைத்தது. கிடைத்ததும் அதற்கு ஓரி என்று பெயர் வைத்துவிட்டாள். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். இது பெட்டைக் குதிரையுங்க என்று எங்களுக்குச் சவாரி சொல்லித்தந்த லாயத்துத் தம்பி எடுத்துச் சொல்லியும் அவள் மாற்றவில்லை.

அந்தத் தம்பிக்குத்தான் நான் ரொம்பக் கடன்பட்டிருக்கிறேன். வயது இருபது இருக்கலாம். அவன் சொல்லித்தந்ததில் முக்கால்வாசி தரையில் நின்றபடியே நடந்தது. குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னால் ஒட்டினாற்போல் இருப்பதும் தெரியாது, வாலுக்கு நேர் பின்னால் இருப்பதும் தெரியாது. அதனால் தோள்பட்டைப் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். இடப்பக்கம் நின்று ஏற வேண்டும். வயிற்று வாரை ஒரு தடவை இறுக்கினால் போதாது, கட்டும்போது வயிற்றை உப்பிக்கொள்கிற குதிரை உண்டு. நாலு எட்டு நடந்ததும் வார் தளர்ந்துவிடும். பார்க்காமல் ஏறினால் சேணத்தோடு சுற்றிக்கொண்டு குதிரையின் வயிற்றடிக்குப் போய்விடுவோம். கால் வைக்கும் வளையமான அங்கவடியில் பாதத்தின் முன்பாகம் மட்டும்தான் இருக்க வேண்டும், குதிகால் கீழே அழுத்தியிருக்க வேண்டும். இதை அவன் எத்தனை தடவை சொன்னான் என்று எங்களுக்கே எரிச்சல் வந்தது. ஏன் சொன்னான் என்பது பிற்பாடு கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில் தெரிந்தது.

நடை பழகிவிட்டது. ஓட்டநடைதான் பாடாய்ப் படுத்தியது. ட்ராட் என்கிறார்களே, அதில் குதிரை மூலைக்கு மூலை எதிராக இருக்கும் முன்னங்காலையும் பின்னங்காலையும் ஜோடி ஜோடியாக எடுத்து வைக்கிறது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குலுக்கல். ஒன்றுக்கு எழுந்து ஒன்றுக்கு உட்கார்ந்தால் இடுப்பு தப்பிக்கும். தம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடியபடி “எந்திரி, உக்காரு, எந்திரி, உக்காரு” என்று மூச்சு வாங்கச் சத்தம் போடுவான். குதிரை மேல் நாங்கள் மூவரும் மாறி மாறி உட்கார்ந்தோம். புழுதியில் ஓடினது அத்தனையும் அவன் ஒருவன்தான். தம்பி, உன் தொண்டை இப்போது சரியாகிவிட்டதா?

லாடம் அடிக்க வந்த பெரியவருக்கும் ஒரு கும்பிடு. மாட்டுக்கு லாடம் அடித்துப் பழகிய கை அவருடையது. மாட்டைக் கயிறு போட்டுக் கீழே சாய்த்து, பிளந்த குளம்புக்கு இரண்டிரண்டு தகடாக அடிக்க வேண்டும். குதிரை நின்றபடியே காலைத் தூக்கிக் கொடுக்கும், ஒரே வளையம். அவர் அடிப்பதற்கு முன் குளம்பைத் தட்டிப் பார்த்து, இடுக்கில் சிக்கியிருந்த சுக்கான்கல்லைக் கொக்கியால் நெம்பி எடுத்து என் கையில் வைத்தார். புளியங்கொட்டை அளவு. இதோடு நடக்கவிட்டிருந்தால் நொண்டியிருக்கும் என்றார். வழியெல்லாம் சுக்கான்கல் பூமிதானே, அதற்கப்புறம் நிழல் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்திக் குளம்பைப் பார்த்தோம்.

இனி இட்டேரிக்காரர்களுக்கு. தார் ரோட்டிலேயே போய் வருபவர்களுக்கு நம் ஊரில் இத்தனை இட்டேரி மிச்சம் இருப்பதே தெரியாது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித் தடம், குதிரை மேல் உட்கார்ந்தால் வேலிக்கு மேல் தலை தெரியும் உயரம். பக்கத்தில் நடந்து போனால் வேலி மட்டும்தான் தெரியும். மேலே உட்கார்ந்ததால் அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணுக்குக் கிடைத்தது. மழைக்காலம் முடிந்து கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு நின்ற கொறங்காடுகள், இடையிடையே வெள்வேல மரம், அதன் நிழலில் மயிலை மாடுகள், தூரத்தில் ஊதியூர் மலை. மேய்ச்சலுக்கென்றே வேலி கட்டிப் பங்கு பங்காகப் பிரித்து வைத்திருக்கும் இந்தக் காடுகள் இல்லாவிட்டால் காங்கேயம் மாடு என்று ஒன்று இந்த அளவுக்கு நின்றிருக்காது என்றார் அண்ணன். அங்கே மில்லும் சைட்டும் போடாமல் இன்னும் புல்லாகவே விட்டு வைத்திருக்கிறீர்களே, அதற்கே தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

உங்களில் பலர் எங்களுக்காக வேலிப் படல் திறந்துவிட்டீர்கள். மேய்கிற காட்டில் படலைத் திறப்பது லேசான விஷயம் இல்லை, ஆடு வெளியே போய்விட்டால் அரை நாள் போச்சு. ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. நாயைக் கட்டிவைத்தவர்கள் உண்டு. தண்ணி லாரி அண்ணன் எங்களைப் பார்த்ததும் இன்ஜினை அணைத்து, நாங்கள் வளைவு தாண்டும்வரை கதவில் சாய்ந்து நின்றார். அவசரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.

தேங்காய்க் களத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. காங்கேயத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் இருக்கும் களம்தான். ஆனால் செம்மண் தடத்திலிருந்து திரும்பியதும் வெயிலில் பளீரென்று விரிந்து கிடந்த அத்தனை வெள்ளைப் பருப்பைப் பார்த்ததும் மூன்று குதிரையும் கட்டிப்போட்டாற்போல் நின்றுவிட்டன. மண்ணின் நிறம் திடீரென்று மாறினால் அவற்றுக்குக் கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடிக்குமாம். போதாததற்கு ஓரத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தள்ளிக்கொண்டிருந்த பலகைகளைப் போட்டுவிட்டு அந்தப் பெண்கள் ஓடிப்போய், பாயைச் சுருட்டி, வரிசையாக அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். நாங்கள் தாண்டிப் போகும்வரை எழுந்திருக்கவில்லை. கூலி வேலையில் நின்ற நேரத்துக்கு யார் கணக்கு சொல்வார்கள்? அக்கா, உங்கள் மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லையே?

கருப்பராயன் கோயில் தாண்டும்போது பஞ்சகல்யாணி ஒரு வேலை செய்தது. வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கும் மண் குதிரைகளைப் பார்த்துக் காதை முன்னால் விறைத்துக்கொண்டு, மூக்கால் ஒரு சீறல் விட்டது. இழுத்துக்கொண்டு போகாமல் தம்பி அதை அருகில் கூட்டிப்போய் மோந்து பார்க்க விட்டான். மோந்தது, பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். பூசாரி ஐயா திருநீற்றுத் தட்டோடு வெளியே வந்து எங்களுக்கு வைத்துவிட்டு, சேணத்திலும் ஒரு கீற்று இழுத்தார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் அந்த மயில். புல்லுக்குள்ளிருந்து ஓரியின் காலடியிலேயே எழும்பியது. ஓரி ஒரே எட்டில் பக்கவாட்டில் ஒதுங்கிவிட்டாள், தங்கை மகள் ஒதுங்கவில்லை. இருந்த இடத்துக்கு நேர் கீழே மண்ணில் விழுந்தாள். தலைக்கவசம் இருந்தது. அங்கவடியில் கால் சிக்கவில்லை, தம்பியின் குதிகால் பாடம் அன்றைக்குக் கை கொடுத்தது. குதிரை மட்டும் கடிவாள வாரோடு காட்டுக்குள் ஓடிவிட்டது.

என் தங்கை கத்திக்கொண்டு பின்னால் ஓடப் பார்த்தாள். அப்போதுதான் வெள்வேல நிழலிலிருந்து ஆடு மேய்க்கும் பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். “தொரத்தாதீங்கொ அம்மிணி, தொரத்துனா இன்னும் ஓடும்.” போய்ப் படலைச் சாத்தினார், நின்றார், பீடி பற்றவைத்தார். மற்ற இரண்டு குதிரைகளையும் நின்ற இடத்திலேயே நிறுத்தச் சொன்னார். கூட்டத்தோடு வாழும் பிராணி எவ்வளவு தூரம்தான் தனியாகப் போகும்? சற்று நேரத்தில் கனைத்தபடி தானே திரும்பி வந்தது. அவர் எதிரே போகாமல், புல்லைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் நின்று வாரைப் பிடித்துவிட்டார். இதற்கு முன்னால் குதிரை பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டால், “காலமெல்லாம் ஆட்டப் புடிச்சுட்டு இருக்கறனுங்க, குதிரையென்ன அதுக்கு மேலயா?” என்றார். ஐயா, உங்கள் பீடி முழுசாக முடிந்ததா என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை. நீங்கள் அன்றைக்கு அங்கே இல்லாவிட்டால் நாங்கள் ஓட ஓட அதுவும் வேலியைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருக்கும்.

பிள்ளைக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஓரிக்கு முன்னங்காலில் முள் கிழித்த கோடு. பிள்ளையை வண்டியில் வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். பைக்கில் விழுந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர் போலிருக்கிறது நர்சம்மா. “குதிரையில உழுந்துட்டு வந்த மொத ஆளு நீதான் கண்ணு” என்று சிரித்துக்கொண்டே டெட்டனஸ் ஊசி போட்டார். சாயங்காலம் கால்நடை மருத்துவர் தோட்டத்துக்கே வந்து ஓரிக்கும் அதே டெட்டனஸுக்கு ஊசி போட்டார். மனிதர்களைவிடக் குதிரைகளை அந்த நோய் சுலபமாகப் பிடித்துவிடுமாம். இரண்டு பேரும் நலம். நர்சம்மாவும் டாக்டரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஊதியூர் அடிவாரத்துத் தோட்டத்து ஆத்தாவை எப்படி விடுவேன்? தண்ணி கேட்டுத்தான் போனோம். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 30, 40 லிட்டர் குடிக்கும் என்று தெரிந்ததும், மாட்டுத் தொட்டியை நாங்கள் தடுக்கத் தடுக்கக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணி திறந்துவிட்டார். எங்களுக்குக் கம்மங்கூழும் மோர் மிளகாயும். குதிரைக்கு ஒரு முறம் நிறையக் கம்பு கொண்டுவந்தபோதுதான் லாயத்து அண்ணனுக்கும் ஆத்தாவுக்கும் வழக்கு வந்தது. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. பழகாத தீனி ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுவலி கண்டால் உயிருக்கே வந்துவிடும். அண்ணன் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல, ஆத்தா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. “ஊட்டுக்கு வந்த சீவன வெறும் வவுத்தோட அனுப்பறதாக்கும்?” கடைசியில் மூன்று குதிரைக்கும் கைப்பிடி கைப்பிடியாகச் சோளத்தட்டு என்று சமாதானம் ஆனது. திரும்பும்போது தூக்குப்போசி நிறையச் சந்தகையும் தேங்காய்ப்பாலும் கட்டிக் கொடுத்துவிட்டார். வண்டியில் உட்கார்ந்திருந்தவர் அதை வீடு வருவதற்குள் காலி செய்ததற்கு நான் பொறுப்பல்ல. ஆத்தா, போசி பத்திரமாக இருக்கிறது.

எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு லாயத்து அண்ணனிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் உங்கள் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். தார்ப்பாய் மேல் உட்கார்ந்த அக்காமார்களுக்கு ஆளுக்கொன்று இருக்கிறது. ஆடு மேய்க்கும் ஐயாவின் படத்தில் அவர் முகம் பாதிதான் விழுந்திருக்கிறது, குதிரை தலையை நீட்டிவிட்டது. ஆத்தாவின் போசியை அடுத்த மாதம் நாங்களே கொண்டுவருகிறோம். லாயத்து அண்ணா, ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குக் கிளம்பும்போது ஒரு போன் போடுங்கள், நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனிக் கணக்குப்பிள்ளை அம்மா, தங்கை, தங்கை மகள், வண்டியில் வந்தவர்
திருப்பூர்