டீக்கடையில உக்காந்து ஜிஎஸ்டி பார்க்கிறவன் எழுதறேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல வீட்டுக்கு வெளிய உக்காந்து ஆபீஸ் வேலை பார்க்கிறது எப்படின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, போன்லதான் படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முடிக்கும்போது சிரிப்பு வந்துடுச்சு. நல்ல ஹெட்போன் வாங்கு, வேகமான வைஃபை இருக்கிற காபி ஷாப்பா பாரு, விபிஎன் (நெட்ல நாம எங்க போறோம்னு மறைக்கிற ஆப்) போடு, நல்ல நாற்காலியா பார்த்து உக்காரு... இத்தனையும் கிடைக்கிறவனுக்கு வேலை எதுக்குங்க நிக்கப் போகுது?

நான் இருக்கிறது ரங்கூன்ல. பாட்டி காலத்துல வந்த குடும்பம், 1964-ல நிறைய தமிழாளுங்க பர்மாவை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினப்ப எங்காளுங்க ஏறல, இங்கயே தங்கிட்டாங்க. தமிழ் கோயில் பள்ளிக்கூடத்துல படிச்சது. இப்ப சென்னையில ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு கணக்கு எழுதறேன், பில் என்ட்ரி, பேங்க் ஸ்டேட்மென்ட், மாசாமாசம் ஜிஎஸ்டி. வீட்டுல உக்காந்து பார்க்க முடியாததுக்குக் காரணம் கரண்ட். நாலு மணி நேரம் இருக்கும் நாலு மணி நேரம் இருக்காதுன்னு முறை வெச்சாங்க, வெயில் காலத்துல அந்த முறையும் காத்துல போயிடும். வந்துச்சுன்னா தெருவே "மீ லா பீ!"ன்னு கத்தும், மீன்னா பர்மியத்துல நெருப்பும் அதுதான் கரண்டும் அதுதான். ராத்திரி ஒரு மணிக்கு அந்த சத்தம் கேட்டா அம்மா தண்ணி மோட்டார் போட ஓடுவாங்க, நான் லேப்டாப்பை சார்ஜ்ல சொருக ஓடுவேன், ரெண்டு பேரும் இருட்டுல முட்டிக்குவோம்.

அதனால டீக்கடை. அனோரதா ரோட்டுல 1871-ல நம்மாளுங்க கட்டின காளி கோயில் இருக்கில்ல, அங்கேருந்து நடந்து போற தூரந்தான். கடைக்காரர் பாய், தமிழ் பேசுவார், இன்வர்ட்டர் வெச்சிருக்கார். ரங்கூன் டீக்கடை உங்க ஊர் மாதிரி நின்னுகிட்டே குடிச்சுட்டு ஓடற கடை இல்ல, குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்ல மணிக்கணக்கா உக்காரலாம், பால் இல்லாத டீ ஒரு கெட்டில்ல மேஜை மேலேயே இருக்கும், அதுக்குக் காசு கிடையாது. சமோசாவும் ஈச்சாக்குவேயும் (எண்ணெயில பொரிச்ச நீள மாவுப் பலகாரம்) தட்டோட கொண்டுவந்து வெச்சுடுவாங்க, தின்னதுக்கு மட்டும் காசு. கணக்கு எழுதறவன் கண்ணு முன்னாடி தட்டை வெச்சா எத்தனை குறையும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

முதல் ஆறு மாசம் நானும் கரண்டும் வைஃபையும் கிடைச்சா போதும்னுதான் நினைச்சேன். எல்லா வேலையையும் பையில போட்டுகிட்டு போவேன், எது கையில வருதோ அதைப் பார்ப்பேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்படித்தான் ஒரு பார்ட்டியோட பர்சேஸ் பில் போட்டுகிட்டு இருந்தேன், அந்த நேரம் பார்த்து டிவியில இங்கிலீஷ் ஃபுட்பால், கடை நிரம்பி வழியுது, ஒருத்தன் கோல் போட்டான், என் பின்னாடி இருந்த ஆளு எந்திரிச்சு குதிச்சதுல என் ஸ்டூலே ஆடுச்சு, நான் 48,500 ரூபா வரியை 4,85,000-ன்னு அடிச்சுட்டு அடுத்த பில்லுக்குப் போயிட்டேன். மாசம் 14-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி வரும், அதாவது சரக்கு வித்தவங்க காட்டின பில், வரிப் பட்டியல், அதோட நம்ம பர்சேஸ் பில்லை ஒப்பிட்டுப் பார்த்துட்டுத்தான் 20-க்குள்ள 3பிங்கிற மாசாந்திர ஜிஎஸ்டி கணக்கைப் போடணும், அந்த மாசம் அவசரத்துல நான் ஒழுங்கா ஒப்பிடல. ஆடிட்டர் சார் 19-ம் தேதி ராத்திரி கண்டுபிடிச்சார். திட்டல. "தம்பி, இதை எங்க உக்காந்து போட்டீங்க?"ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா பரவால்லன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறந்தான் புரிஞ்சுது, இடத்தைத் தேடறதுக்கு முன்னாடி வேலையைப் பிரிக்கணும். இப்ப ராத்திரியே ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சுடுவேன், நாளைக்கு கடைக்குப் போற வேலை இது, போகாத வேலை இது. பில் என்ட்ரி கடைக்குப் போகும், கை பாட்டுக்கு ஓடற வேலை, சுத்தி சத்தம் இருந்தா இன்னும் ஜோரா ஓடும். ஒப்பிட்டுப் பார்க்கிறதும் வித்தியாசம் எங்கன்னு தேடறதும் போகாது, அது விடியக்காலை நாலரைக்கு வீட்டுல, தெரு தூங்கும்போது, பேட்டரியில. போன் பேசற வேலை எதுலயும் சேராது, அதை நடந்துகிட்டே பேசிடுவேன், கடையில உக்காந்து யாரோட பேங்க் பேலன்ஸையும் சத்தமா சொல்ல முடியுமா?

இந்த இடத்துல உங்க கட்டுரை மேல ஒரு குறை. காபி ஷாப் சத்தம் மூளைக்கு நல்லதுன்னு ஆராய்ச்சி சொல்லுதுன்னு ஒரே வரியில போட்டுட்டீங்க. அது 2012-ல வந்த ஆராய்ச்சி, 70 டெசிபல் சத்தத்துல புதுசா யோசிக்கிற வேலை 50 டெசிபல்ல இருந்ததை விட நல்லா வந்துச்சு, 85-க்குப் போனா கெட்டுப் போச்சு, அவ்வளவுதான் சொன்னாங்க. யோசனை பண்ற வேலைக்குச் சொன்னதை எல்லா வேலைக்கும்னு எழுதினா என்னை மாதிரி ஒருத்தன் அதை நம்பி மேட்ச் நேரத்துல கணக்கைத் திறப்பான்.

இன்டர்நெட் பத்தியும் சொல்லணும். கடை வைஃபையில பார்ட்டி கணக்கைத் தொடறதே இல்ல, போன் ஹாட்ஸ்பாட்தான், எம்பிடி, ஆட்டம்னு இங்க இருக்கிற ரெண்டு போன் கம்பெனி சிம்மும் வெச்சிருக்கேன், ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிக்கும், சில நாள் ரெண்டும் சேர்ந்து படுக்கும். அதனால அன்னன்னைக்கு வேண்டிய பில் எல்லாத்தையும் முந்தின ராத்திரியே இறக்கி வெச்சுடறது. நெட் இல்லாத ரெண்டு மணி நேரத்துலதான் என் வேலை பாதி முடியுது, இதை எந்தக் கட்டுரையும் எழுத மாட்டேங்குது. மூலை மேஜையில முதுகு சுவத்துல ஒட்டற மாதிரி உக்காருவேன், பின்னாடி நின்னு யாரும் ஸ்கிரீனைப் பார்க்க முடியாது.

நேரக் கணக்கு எனக்கு சாதகம். சென்னையை விட நாங்க ஒரு மணி நேரம் முன்னாடி, அங்க பத்து மணிக்கு ஆபீஸ் திறந்தா இங்க பதினொண்ணு. காலை நாஷ்டா கூட்டம் எட்டரைக்கு குறையும், அப்ப போய் உக்காந்தா பதினொண்ணு வரைக்கும் ஒரு மெசேஜும் வராது. அந்த ரெண்டரை மணி நேரத்துல நான் போடற என்ட்ரியை மதியம் முழுக்க உக்காந்தாலும் போட முடியாது.

ஒரு தடவை பக்கத்துல ஜங்ஷன் சிட்டி மாலுக்கும் போய்ப் பார்த்தேன், ஜெனரேட்டர், ஏசி, எல்லாம் இருக்கு. அங்க ஒரு காபி காசுல பாய் கடையில ரெண்டு நாள் உக்காரலாம், அதைக்கூட விடுங்க, யாருக்கும் என்னைத் தெரியாததால யூடியூப் பார்த்துட்டு வந்துட்டேன். பாய் கடையில அது நடக்காது. கெட்டில் மாத்த வர்ற பையன், டெல்டா பக்கம் கிராமத்துல இருந்து வந்தவன், எட்டிப் பார்த்து "அகோ, இன்னைக்கு நம்பர் கம்மியா இருக்கே"ம்பான். அகோன்னா அண்ணன். இன்வர்ட்டர் கத்த ஆரம்பிச்சா என்கிட்டதான் முதல்ல ஓடி வருவான், ஃபைலை சேவ் பண்ணுன்னு சைகை காட்டிட்டுத்தான் மத்த மேஜைக்குப் போவான்.

இன்னொரு விஷயம் கட்டுரையில இல்லவே இல்ல, கடைக்காரர். ஆரம்பத்துல ஒரே டீயை வெச்சுகிட்டு மூணு மணி நேரம் இருந்தேன். பாய் ஒரு நாள் துணியால மேஜையைத் துடைச்சுகிட்டே "தம்பி, இந்த மேஜைக்கு அட்வான்ஸ் எப்ப தரப் போறீங்க?"ன்னு கேட்டார். சிரிச்சுகிட்டேதான் கேட்டார், எனக்கு காது சூடாயிடுச்சு. அன்னையில இருந்து மணிக்கு ஒரு டீ, கூட்டம் வந்தா நானா எந்திரிச்சுடுவேன், வாரத்துல ஒரு நாள் அவரோட பால் டின், சக்கரை கணக்கு நோட்டைப் பார்த்துக் கொடுக்கறேன். மூலை மேஜை இப்ப எனக்குன்னே காலியா இருக்கு. (ஏப்ரல் தண்ணித் திருவிழா நாள்ல மட்டும் கடை மூடிடுவாங்க, அந்த நேரத்துல லேப்டாப்போட தெருவுல நடக்கிறவன் பைத்தியக்காரன். ஜிஎஸ்டியில விற்பனைக் கணக்கு போடற 11-க்கும் 3பி போடற 20-க்கும் நடுவுல அந்தத் திருவிழா வந்து மாட்டும், அதனால வேலையை முன்னாடியே முடிச்சுடறது.)

கடைசியா, விபிஎன் பத்தின வரிக்குக் கீழ ஒரு குறிப்பு சேருங்கன்னு கேட்டுக்கறேன். உங்க பேப்பரை நாடு நாடா தமிழ் ஆளுங்க படிக்கிறாங்க. இங்க 2024-ல விபிஎன்னை எல்லாம் முடக்க ஆரம்பிச்சாங்க, ரோட்டுல நிறுத்தி போனை வாங்கிப் பார்க்கிறதும் உண்டு. அவங்கவங்க ஊர் சட்டத்தைப் பார்த்துட்டுப் போடுங்கன்னு ஒரு வார்த்தை இருந்தா போதும், அந்த 70 டெசிபல் வரியையும் அப்படியே திருத்திடுங்க.

இப்படிக்கு,
உங்க ரங்கூன் வாசகன்