உறுப்பினர் விலை கடைசி விலையாக இருக்கட்டும்

அமெரிக்காவில் உறுப்பினர்களுக்கான வாகனக் கொள்முதல் திட்டங்களை நடத்திவரும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

புதிய கார் வாங்கும்போது விற்பனையாளரோடு பேரம் பேசத் தயங்கும் பலர், குறிப்பாக இந்த நாட்டுக்கு வந்து முதல் வண்டி வாங்கும் தமிழ்க் குடும்பத்தினர், காஸ்ட்கோ போன்ற கிடங்குக் கடைகளின் உறுப்பினர் அட்டையையோ கடன் சங்க உறுப்புரிமையையோ நம்பி உங்களை நாடுகிறார்கள். நீங்கள் கார் விற்பதில்லை. டீலரிடம் முன்கூட்டியே விலை பேசி வைத்து உறுப்பினரை அங்கே அனுப்புகிறீர்கள். அந்த ஏற்பாட்டை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆனால் நீங்கள் பேசி வைக்கும் விலை பெரும்பாலும் வண்டிக்கு மட்டுமே உரியது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் தயாரிப்பாளரின் விலைச்சீட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் அருகிலேயே டீலர் தம் பங்குக்கு இன்னொரு சீட்டை ஒட்டி, பெயின்ட் பாதுகாப்பு, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள், டயருக்கு நைட்ரஜன் என்று உறுப்பினர் கேட்காதவற்றுக்கெல்லாம் விலை போட்டிருப்பதுண்டு. உங்கள் விலைத்தாளில் குறைந்த தொகை இந்த இரண்டாவது சீட்டில் மீண்டும் ஏறிவிடுகிறது. விற்பனைத் தாள்களைத் தயாரிப்பதற்கென டீலர் வாங்கும் ஆவணக் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது: கலிபோர்னியாவில் அதற்கு 85 டாலர் உச்சவரம்பு உண்டு, ஃபுளோரிடாவில் வரம்பே இல்லை.

இதைவிடக் கவலை தருவது, டீலரிடமே வாகனக் கடனை ஏற்பாடு செய்யும் கடன் அறை. வங்கி சொல்லும் வட்டிக்கு மேல் டீலர் தமக்கென்று ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ள முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 30,000 டாலர் கடனை ஐந்தாண்டுகளில் அடைக்கும் ஒருவருக்கு வட்டி 6 விழுக்காட்டிலிருந்து 8 ஆக உயர்ந்தால், கூடுதலாகச் செல்வது ஏறத்தாழ 1,700 டாலர். நீங்கள் வாங்கித் தந்த தள்ளுபடி பலருக்கு அதிலேயே கரைந்துபோகும்.

வாங்குபவர் விரும்பாத, அவருக்குப் பயன்படாத கூடுதல் இணைப்புகளுக்கு டீலர் கட்டணம் வசூலிப்பதைத் தடுக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் (FTC) 2023 டிசம்பரில் விதி ஒன்றை அறிவித்தது. நடைமுறைக் குறைபாட்டைக் காட்டி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதை நீக்கிவிட்டது. நாடு முழுவதற்குமான அந்த விதி இல்லாமற்போனாலும், டீலர்களோடு நீங்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் அதே நிபந்தனையை எழுத உங்களை யாரும் தடுக்கவில்லை. உங்கள் வழியாக வரும் வாடிக்கையாளர்களை இழக்க எந்த டீலரும் விரும்பமாட்டார் என்பதால், தனியொரு குடும்பத்துக்கு இல்லாத பேரம் பேசும் வலிமை உங்களிடம் இருக்கிறது.

ஆகவே, வரி, பதிவுக் கட்டணம், ஆவணக் கட்டணம், டீலர் சேர்த்த இணைப்புகள் அனைத்தும் அடங்கிய கடைசித் தொகையை, உறுப்பினர் வீட்டிலிருந்து புறப்படும் முன்பே எழுத்தில் அனுப்பும்படி டீலர்களைக் கட்டாயப்படுத்துங்கள். வேண்டாத இணைப்பை மறுக்கும் உரிமையை அத்தாளிலேயே அச்சிடுங்கள். உறுப்பினர் டீலரிடம் கொடுத்து மாற்றும் பழைய வண்டியின் மதிப்பும் கடன் வட்டியும் உங்கள் விலையில் அடங்காதவை என்பதையும், வெளியே கடன் ஒப்புதல் பெற்று வந்தாலும் அதே விலை கிடைக்கும் என்பதையும் முதல் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள். இவற்றை மீறும் டீலரைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

இப்படிக்கு,
கலிபோர்னியாவில் வாழும் உறுப்பினர் ஒருவர்